முதலாளி படுத்திருந்த கட்டில்

எங்கள் அண்ணிக்கு வேலை, மலை உச்சியில் இருக்கும் பழைய பங்களாவைச் சுற்றிக் காட்டுவது. ஏரியில் படகு, எந்நேரமும் பனி மூடிக் கிடக்கும் காட்சிமுனை, அப்புறம் இந்தப் பங்களா. இவற்றைப் பார்க்கத்தான் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்குகிறது. “குடுத்துவச்சவங்க நீங்க” என்று எங்களைச் சொல்லிவிட்டுப் போகிறது. நான் ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். மழைக்காலத்தில் ஒரு விரிப்பைக் காயவைக்க நான் படும் பாட்டை அவர்களில் ஒருத்தராவது வந்து பார்க்கட்டும், சொல்கிறேன்.

அண்ணி சொல்லும் கதை எனக்கே மனப்பாடம். கப்பல் முதலாளி ஒருவர், நெஞ்சு நோய் முற்றி, டாக்டர்கள் கைவிரித்த பிறகு இங்கே வந்தாராம். பங்களா கட்டினார், ஏரி வெட்டினார், இந்தக் காற்றிலேயே பிழைத்து எழுந்தார். அதைக் கேள்விப்பட்டு நாலு பேர் வரப்போய்த்தான் ஊரே உண்டானது. இதையே நாள் முழுக்கத் தொண்டை வறளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அண்ணியிடம் பேச்சு மிச்சமிருக்காது. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

அண்ணன் படகுத்துறையில் வேலை பார்த்தவன். ஈரத்திலேயே நின்று நின்று நெஞ்சு கெட்டுப்போனது. அடுத்த குளிரை இங்கே தாங்க மாட்டான், கீழே கூட்டிப் போய்விடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன் அசைந்தால்தானே!

“சாகக் கெடந்த முதலாளியே இங்க வந்து பொழைச்சாரு. நான் மட்டும் கீழ போகணுமா? உன் அண்ணியவே கேளு.”

அண்ணி வழக்கம்போலத் தலையாட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த துணியை அவள் மேலேயே எறிந்திருப்பேன்.

மறுநாள் அண்ணனைப் பங்களாவுக்குக் கூட்டிவரச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவன் அங்கே கால் வைத்ததில்லை. கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். டிக்கெட் வாங்கிய கூட்டத்தோடு நாங்களும் நின்றோம். கடைசி அறையில், கயிறு கட்டித் தடுத்திருந்த கட்டிலைக் காட்டி, அண்ணி அதே அலுத்த குரலில் சொன்னாள்:

“முதலாளி பொழைக்கல. மூணாவது குளிர்ல இந்தக் கட்டில்லதான் செத்துப்போனாரு. பின்னாடி புதருக்குள்ள கல்லறை இருக்கு. சொல்லக் கூடாதுன்னு மேனேஜர் உத்தரவு.”

வாசலில் நின்ற மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தில் ஒருவர் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்.

அண்ணன் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். இருமல் அடங்கியதும், “அவரு பொண்டாட்டி என்ன ஆனாங்க?” என்று கேட்டான்.

“கடைசி வரைக்கும் கூடவே இருந்தாங்க. அதுக்கப்புறம் என்ன ஆனாங்கன்னு தெரியல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

அத்தனை நாள் மாறாத குரல் அங்கேதான் உடைந்தது. எனக்கு அவள் மேல் கோபப்பட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

“சரி, கீழ போயிடலாம்” என்றான் அண்ணன்.

அண்ணி கயிற்றைத் தாண்டிப் போய், யாரும் தொடக்கூடாத அந்தக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“இருங்க, கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்.”

மேனேஜர்கூட அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை.