ஈரச் சாக்கு

பல்லாவரம் பக்கம் மூடிப்போன கல்குவாரியில் ஞாயிறு காலை ஓடும் எங்கள் கூட்டத்தில் கடைசி ஆள் நான். என் தொப்பை மட்டும் ஓரடி முன்னால் ஓடும். அதனால் பாதை காட்டும் சுண்ணாம்பு அம்புகளைப் பாறையில் போடும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். போட்ட அம்புகளை யாரோ வாராவாரம் அழித்தார்கள்.

ஒருநாள் ஆளைப் பிடித்துவிட்டேன். குவாரி வாட்ச்மேன். சாயம்போன காக்கி, இடது கையில் இரண்டு விரல் இல்லை, வலது கையில் ஈரச் சாக்கு.

“ஏண்ணா அழிக்கிறீங்க? நாங்க காணாமப் போயிட்டா?” என்று இளித்தேன்.

“நீ ஓடிட்டு வூட்டுக்குப் போயி இட்லி துன்னுவ சார். மத்தியானம் ஸ்கூல் பசங்க இந்த அம்பப் புடிச்சிகினு நேரா குவாரிப் பள்ளத்துத் தண்ணியாண்ட வர்றானுங்க. போன மாசம் ரெண்டு பொணத்த நான்தான் தூக்குனேன். வேலி போடச் சொல்லி நாயா அலையுறேன், ஒருத்தனும் வரல. நீ அம்பு போட்டுக் கூப்புடுற!”

சாக்கை என் மார்பில் எறிந்தார். “தொடச்சி வுடு!”

எல்லா அம்பையும் துடைத்தேன். அவர் ஒவ்வொரு பாறையாகப் பின்னாலேயே வந்து பார்த்தார்.

அடுத்த ஞாயிறு ஓடும்போது கூட்டத்தாரிடம் சொன்னேன். “பெயின்ட்ல போட்டுடு மச்சான், அந்தாளால அழிக்க முடியாது” என்றான் ஒருவன்.

நான் கத்திய கத்தலில் எல்லோரும் ஓட்டத்தை நிறுத்தினார்கள். அது என் குரலே இல்லை, அவருடையது.