வஞ்சிரப் பெட்டியில் என் வாரிசு

திங்கட்கிழமை கீமோ. அதற்குள் விந்தைச் சேமித்து வைத்துவிடு, மருந்து ஏறிய பிறகு பிள்ளை பிறக்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார் அடையாறு டாக்டர். எனக்கு இருபத்து நான்கு வயது. பெண் பார்க்கிற பேச்சுகூடத் தொடங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான் என்று தாசில்தாரே சான்றிதழ் தந்திருக்கிறார். குடும்பத்தின் கடைசி ஆளும் நானாகிவிடக் கூடாதே என்பதுதான் பயம்.

புதன்கிழமை தேனாம்பேட்டை லேபுக்குப் போனேன். சின்ன அறை, ஒரு நாற்காலி, கையில் மூடி போட்ட டப்பா. சுவரில் நகைக்கடை காலண்டர், அதில் மகாலட்சுமி. அரை மணி நேரம் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். வீட்டிலிருந்தே எடுத்து வா, ஆனால் உடம்புச் சூடு ஆறாமல் முக்கால் மணிக்குள் வந்துவிடு என்று லேப்காரர் அனுப்பிவிட்டார்.

அம்மா மீன் விற்பவள். மயிலாப்பூரில் எந்தத் தெருவில் கூடையை இறக்கலாம், எந்தத் தெருவில் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளிடம் விவரம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பின்னால் குழந்தை பெற்றுக்கொள்வதற்காக ஃப்ரீஸ் பண்ணி வைப்பார்கள் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

மறுநாள் டப்பாவைப் பையில் வைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனேன். ஆட்டோவில் பை அம்மா மடியில் வந்தது. லேபில் திறந்தால் உள்ளே தெர்மாகோல் பெட்டி. பெட்டி நிறைய நொறுக்கிய ஐஸ். அதற்குள் கழுத்துவரை புதைந்து என் டப்பா.

"வெயில்ல கெட்டுப் பூடும்ல? நீங்களும் ஐஸ்லதான வெக்கப் போறீங்கோ," என்றாள் அம்மா, லேப்காரரைப் பார்த்து. "இப்டி வெச்சா வஞ்சிரமே ரெண்டு நாள் தாங்கும்."

மருந்து கலந்து மெதுவாகத்தான் உறைய வைக்க வேண்டுமாம். வெறும் ஐஸில் பெரும்பாலான அணுக்கள் அசைவற்றுப் போயிருந்தன. சனிக்கிழமை இன்னொரு முறை வரலாம், அதுதான் கடைசி என்றார் லேப்காரர்.

வெளியே வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "சூடா எடுத்துக்கினு போணும்னு உனுக்குத் தெரியும். வாயத் தொறந்து சொன்னா இன்னா? மூணு பெத்தவடா நானு. என்னாண்ட இன்னாடா உனுக்கு வெக்கம்?"

படித்த பிள்ளையின் கூச்சத்தில் பாதி வம்சம் போயிருந்தது.

சனிக்கிழமை மகாலட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். கதவுக்கு வெளியே, தன் முறைக்குக் காத்திருந்த யாரிடமோ, உள்ளே என் பிள்ளை இருக்கிறான், அவசரப்படுத்தாதே என்று அம்மா அதட்டுவது கேட்டது. அதையும் மீறித்தான் காரியம் நடந்தது.

நன்றாக அசைகின்றன என்றார் லேப்காரர். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒரு படிவம் தந்தார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே நிரப்பினேன். ஓரிடத்தில் நின்றுவிட்டேன். நான் இறந்துவிட்டால் இதை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தது. 'அழித்துவிடவும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

"அது இன்னா கேக்குது?"

"வருஷா வருஷம் வந்து கையெழுத்துப் போடணுமாம்."

"அதுக்கின்னா, வர்லாம்," என்றாள். "எத்தினி வருஷம்னாலும் வர்லாம்."