ரத்தம் நிற்க என்ன தடவினீர்கள்?

மாட்டாஸ்பத்திரிக்கு அடிபட்ட நாய் சும்மா வராது. பாதிப் பலசரக்குக் கடையை உடம்பில் அப்பிக்கொண்டுதான் வரும். அறுபதுகளின் கடைசியில் காரைக்குடிப் பக்கம் கால்நடை டாக்டராக இருந்தவன் நான். மஞ்சள், படிகாரம், அடுப்புச் சாம்பல், சிலந்திக்கூடு என்று எல்லாவற்றையும் சுரண்டி எடுத்த பிறகுதான் காயம் எங்கே என்றே தெரியும். சுத்தமான துணியை வைத்துக் கையால் அழுத்திப் பிடியுங்கள், முக்கால்வாசி ரத்தம் நின்றுவிடும் என்று தொண்டை வறளக் கத்தினேன். கேட்டால்தானே! என்னைப் போலச் சுரண்டியே நகம் தேய்ந்த சகாக்களுக்கு இது புரியும்.

கலப்படமில்லாதது

காது கிழிந்த நாயை ஆச்சி ஒருவர் ரிக்‌ஷாவில் கொண்டுவந்தார். காது முழுக்கக் காப்பித்தூள். நாய் தலையை ஓர் உதறு உதறியது. தூளும் ரத்தமுமாக என் வெள்ளைச் சட்டை, சுவர், காலண்டர் முருகன் வரை தெறித்தது. “இதையெல்லாம் போடலாமா ஆச்சி? சீழ் பிடிக்காதா?” என்று சத்தம் போட்டேன். ஆச்சிக்கு என்னைவிடக் கோபம் வந்துவிட்டது.

“சிக்கரி கலக்காத தூளு டாக்டரு. வந்த விருந்தாளிக்கே நாங்க இதக் குடுக்கிறதில்ல!”

நக்காதே

வேட்டைக்குப் போன நாயைப் பன்றி விலாவில் குத்திவிட்டது. சொந்தக்காரர் ஒரு விவசாயி. புகையிலையைச் சுண்ணாம்போடு குழைத்து அப்பியிருந்தார். ரத்தம் நின்றிருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நாய்தான் நிற்க முடியாமல், எச்சில் ஒழுக நடுங்கிக்கொண்டு கிடந்தது. நக்கிய புகையிலை உள்ளே போய் வேலையைக் காட்டிவிட்டது. “அருவா பட்டா எனக்கும் இதான் வைத்தியம்” என்றார் பெருமையாக. “நீங்க அதை நக்குவீங்களாய்யா?” என்று கத்தினேன். மனிதர் நிதானமாக யோசித்தார்.

“நக்கக் கூடாதுன்னு நீங்களே அதுகிட்டச் சொல்லுங்க. நீங்கதான நாய்க்கு டாக்டரு?”

இறுக்கிக் கட்டுங்க

இதைச் சொன்னால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கோவிலூர்ப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டுக்குக் காவல்காரர் கருப்பையா. அத்தனை பெரிய வீட்டில் அவருக்குத் துணை ராஜா என்கிற நாய் மட்டும்தான். மதில்மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லு அதன் முன்னங்காலை ஆழமாகக் கிழித்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் பறந்து வந்தார். அப்போது, கன்று போட முடியாமல் திணறிய பசுவுக்குள் என் கை முழங்கை வரை இருந்தது. “கண்டதையும் தடவாதீங்க. நல்லா இறுக்கிக் கட்டுங்க. நான் வர்ற வரைக்கும் அவுக்கவே கூடாது” என்று சொல்லி அனுப்பினேன்.

கன்றை எடுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். மஞ்சள் இல்லை, சாம்பல் இல்லை. காயத்தின் மேல் ஒரு துணியும் இல்லை. நாயைக் கட்டியிருந்தார்கள்! தூணோடு சேர்த்து, கிணற்றுக் கயிற்றால், இறுக்கி. அது திமிறத் திமிற ரத்தம் கொட்டித் தரையெல்லாம் சிவந்து கிடந்தது. கயிற்றை அறுத்துவிட்டுக் காயத்தை அழுத்திப் பிடித்தேன். என் கையிலேயே ராஜாவின் உயிர் அடங்கிவிட்டது. கூடி நின்ற அத்தனை பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நாயின் தலையை மடியில் வைத்திருந்த கருப்பையாதான் சொன்னார்:

“அது கத்துறது பொறுக்காம அவுத்துவிடப் போனேன் டாக்டரு. நீங்க சொல்லிவிட்டீகன்னு எல்லாரும் என் கையப் பிடிச்சுக்கிட்டாக.”

அந்த வட்டாரம் என் பேச்சைத் தட்டாமல் கேட்டது அந்த ஒரு நாள்தான்.