மன்றத்துக் கதவு

பாச்சாங் ஊரில் என் வீட்டுச் சமையலறையில் நான் காய் நறுக்கும் மேசை, ஒரு காலத்தில் கதவாக இருந்தது. அதற்கு நாலு கால் அடித்து நிறுத்தியவள் என் அத்தை, அப்பாவின் அக்காள். தாழ்ப்பாள் இருந்த இடம் ஓரத்தில் இன்னும் பள்ளமாகத் தெரியும். துடைக்கும் துணி ஒவ்வொரு முறையும் அங்கே சிக்கும். “அம்மா, புதுசா ஒண்ணு வாங்கிடலாம்லா” என்கிறாள் மகள். நான் செத்த பிறகு தாராளமாக வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, தொழிலாளிகள் குடியிருந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பால்வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி மடி முதல் வாளி வரை சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஒருவன் மேல் இன்னொருவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விசாரணையில்லாமல் பிடித்துக்கொண்டு போய் நாடு கடத்திக் கப்பலேற்றிவிடுவார்கள். வேலிக்குள் அடைபட்ட பிள்ளைகள் வீணாய்ப் போகக் கூடாதென்று வாலிபர் மன்றம் ஒன்றை ஆரம்பித்தார் ஆபீசில் கணக்கெழுதிய சின்னக் கிராணி. ஆர்மோனியம், நாடகம், தேகப்பயிற்சி எல்லாம் அவர் கைவசம். மன்றத்து அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். தோட்டமே அவரைக் கும்பிட்டது. இதுவரை ‘அவர்’ என்று எழுதியதே அதிகம், இனிமேல் அவன்தான்.

மாலையில் ஒத்திகை நடக்கும். மன்றத்துக் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்வான். முன்னாலேயே பார்த்துவிட்டால் நாடகத்தன்று ருசிக்காது என்று காரணம் சொன்னான். பெற்றவர்களும் அதுவும் சரிதான் என்றார்கள். மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டு, முக்கிய வேடக்காரனை மட்டும் வசனம் சொல்லித்தர நிறுத்திக்கொள்வான். அந்த முறை இளவரசன் வேடம் என் அண்ணனுக்குக் கிடைத்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அண்ணனுக்கோ சோறு இறங்கவில்லை. வாயாடிப் பயல், பேச்சையே விட்டுவிட்டான். ஒருநாள் ஒத்திகைக்குப் புறப்படுகிற நேரத்தில் அத்தையின் பால்வெட்டுக் கத்தியை எடுத்துத் தன் உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டான். நடக்க முடியாவிட்டால் போக வேண்டாமே என்று.

அத்தை கட்டுப் போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். அண்ணன் தலைநிமிராமல் சொன்னான். அந்தத் தாழிட்ட அறையில் அவனிடம் ஒரு பெரிய மனிதன் எப்படி நடந்துகொண்டான் என்பது சிறுமியான எனக்குப் பாதிதான் புரிந்தது. அத்தையின் கை அப்படியே நின்றுபோனது மட்டும் மறக்கவில்லை. வெளியே சொன்னால், உன் அப்பன் வேலிக்கு மேலே அரிசி வீசுகிறான் என்று போலீசில் சொல்லிவிடுவேன் என்று அந்த மன்றத்துக்காரன் மிரட்டியிருக்கிறான்.

“அப்பாவ புடிச்சிக்கிட்டுப் போயிருவாங்க அத்தை.”

“உன் மேல ஒரு தப்பும் இல்லடா சாமி. இனிமே நீ அங்க போவ வேணாம்.”

அப்பாவோ அழுதார். வாயைத் திறந்துவிடாதே அக்கா, குடும்பமே அழிந்துபோகும் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். பயந்த மனுஷன், அவரைக் குறைசொல்ல இன்றும் எனக்கு மனம் வரவில்லை. அண்ணனை வீட்டோடு நிறுத்திக்கொள்வது பெரிய காரியமில்லை. அந்த வேடம் நாளைக்கு வேறொரு பிள்ளைக்குப் போகுமே, அதுதான் அத்தையைத் தின்றது.

மறுநாள் பாலை நிறுத்துக் கொடுத்த கையோடு, மன்றத்துக்காரன் ஜாசினுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, சுத்தியலோடு மன்றத்துக்குப் போனாள். கீலைப் பெயர்த்துக் கதவைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க லயத்தின் நடுவே நடந்து வந்தாள். பெரிய கிராணி கூப்பிட்டு அனுப்பி அதட்டினார். அத்தை தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி பவ்யமாகக் கேட்டாள்:

“கதவ சாத்திக்கிட்டு உள்ள என்ன கூட்டம் நடந்துச்சின்னு நாளைக்கிப் போலீசு வந்து கேட்டா, யாருங்கய்யா பதில் சொல்றது?”

கிராணியின் முகம் வெளுத்துவிட்டது. கதவே வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்றார். எந்தப் பயத்தைக் காட்டி அந்தப் படுபாவி பிள்ளைகளின் வாயை அடைத்தானோ, அதே பயத்தை எடுத்து அவன் தலையிலேயே போட்டாள் என் அத்தை. அன்றிலிருந்து ஒத்திகை முடிந்து கடைசிப் பிள்ளை வெளியே வரும்வரை, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வெற்றிலை மென்றபடி அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்களுக்கும் அவள் காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே சிலருக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் உண்மையை யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் அவன் கடைசிவரை நல்லவனாகவே இருந்தான். கொஞ்ச நாளில் தானாகவே வேறு தோட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். பிரிவுபசாரம் நடத்தி மாலை போட்டார்கள். பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக நினைத்தவர் என்று பேசினார்கள். அத்தை பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டாள். அங்கேயும் ஒரு மன்றம் தொடங்கிவிட்டான் என்று பிறகு செய்தி வந்தது. அங்கே உள்ளவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அத்தை புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அப்பா வாசலை மறித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். அத்தை உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் இப்போதும் இங்கே வருவான். இந்த மேசையில்தான் கோப்பி குடிப்பான். பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டிருப்பான். 

அத்தை கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தாள். நினைவு தப்பிப்போய், என்னையே யாரென்று கேட்பாள். கேள்வி ஒன்று மட்டும் தப்பவில்லை. நான் காய் நறுக்கும் சத்தம் கேட்டால் கட்டிலிலிருந்தே குரல் கொடுப்பாள்: “ஏன்டி, அவன் மாறிப்போன தோட்டத்து மன்றத்துல கதவு இருந்துச்சா?”

நான் பதில் சொன்னதே இல்லை. இன்று காலையும் மேசையைத் துடைத்தேன். துணி அதே இடத்தில் சிக்கியது.

இருந்திருக்கும், அத்தை.