மடி இல்லாத தாய்மாமன்

மருத்துவமனை நடைக்கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்போது ஒரு மனிதர் சுவரில் சாய்ந்து நின்றால், தயவுசெய்து அவரை உட்காரச் சொல்லாதீர்கள். நான் அப்படி நின்ற நாளில் என்னை உட்காரச் சொல்லாதவர்களே இல்லை. நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர்கூடப் பக்கத்து நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க சார், ரொம்ப நேரமா நிக்கிறீங்க" என்றார். நல்ல மனிதர்கள் நிறைந்த மாவட்டம் எங்களுடையது. அன்று ஒருநாள் மட்டும் அவர்கள் கொஞ்சம் கெட்டவர்களாக இருந்திருக்கலாம்.

எனக்கு வந்தது பவுத்திரம் (ஆசனவாயின் உட்புறத்திலிருந்து அருகிலுள்ள தோல்வரை, சதைக்குள் தானே வழி தோண்டிக்கொள்ளும் புண்). இதே தொல்லையோடு, இதை நின்றுகொண்டே வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். உட்கார்ந்திருப்பவர்களும் வாசிக்கலாம். பொறாமைப்பட மாட்டேன்.

நான் புதுக்கோட்டையில் பத்திர எழுத்தர். உட்காருவதுதான் என் தொழில், எழுதுவது உபதொழில். ஒருநாள் காலை நாற்காலியில் கடலைப்பருப்பு கிடப்பதுபோல் உறுத்தியது. எழுந்து பார்த்தேன். நாற்காலியில் ஒன்றுமில்லை. பருப்பு என்னோடேயே எழுந்து வந்திருந்தது.

எங்கள் பக்கம் இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அதற்குப் பெயர் சூடு. இளநீர் குடித்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். மருந்துக்கடையில், நண்பருக்கு என்று சொல்லிக் களிம்பு வாங்கினேன். கடைக்காரர் நான் நிற்கும் தோரணையைப் பார்த்துவிட்டு, "நண்பரை பைக் ஓட்ட வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

கட்டி உடைந்தது. வலி போனது. உலகமே அழகாகிவிட்டது. சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி முளைத்தது. இங்கே ஒரு வார்த்தை: சீழ்க்கட்டி உடைந்து வலி தீர்ந்தால் நோயும் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் 'கத்தியின்றி, ரத்தமின்றி' நோட்டீசை நின்று வாசிக்கவும் வேண்டாம். அறுவை மருத்துவரிடம் போங்கள். நான் போனது மிகவும் தாமதமாக.

டாக்டரம்மா மீமிசல்காரர், என் மகள் வயது. நோயை விளக்க நாகரிகமாக ஒரு முன்னுரை தயாரித்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்காமல், "அங்கிட்டுத் திரும்பிப் படுங்க, முட்டிய மடக்குங்க" என்றார். ஐம்பது வருடமாகச் சேர்த்த கௌரவத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். கை கழுவும் முறை பற்றிய படம் ஒன்று இருந்தது. இன்றைக்கும் அது எனக்கு மனப்பாடம்.

பிறகு ஒரு தாளில் சாய்சதுரம் வரைந்து காட்டினார். பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. வரைபடம் என்றால் நம் துறை. மேலே முன்பக்கத்துப் பூப்பெலும்பு, கீழே வால் எலும்பு, இரு பக்கமும் நாம் உட்காரும்போது நம்மைத் தாங்கும் இரண்டு எலும்பு முட்டுகள். இந்த நான்கெல்லைக்குட்பட்ட நிலம்தான் பிரச்சினை. அகராதியில் அதற்கு ஒரு பெயர் இருக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"இடுப்பெலும்புங்கிறது அடியில்லாத பானை சார். அடியில வலைய இழுத்துக் கட்டுன மாதிரி தசைதான் எல்லாத்தையும் தாங்குது" என்றார். அந்த வலையின் வாசலில் சுருக்குத் தசை (சுருக்குப்பைக் கயிறுபோல் வாயை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இருக்கிறது. என் பவுத்திரம் அதை ஊடறுத்துப் பாதை போட்டிருந்தது. அப்படியே வெட்டித் திறந்தால் பாதை ஆறி மூடிவிடும். ஆனால் வாசலுக்குக் காவல் இருக்காது. அதனால் முதலில் அந்தப் பாதை வழியே ஒரு நூலைக் கோத்து, வளையமாக முடிந்துவிடுவார்கள். சீழ் தேங்காமல் வடிந்துகொண்டே இருக்கும், பாதை மெல்லச் சுருங்கும்.

"எவ்வளவு நாள்ம்மா?"

"அது முடிவு பண்ணும் சார்."

"உக்காரலாமா?"

"மெத்துன்னு ஏதாவது போட்டுக் கொஞ்ச நேரம். தரையில சம்மணம் மட்டும் போடவே கூடாது."

எனக்கு அங்கேயே வியர்த்தது.

அன்னவாசலில் என் தங்கை வளர்மதி இருக்கிறாள். கல்யாணமாகிப் பல வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த பிறகு, நாற்பதை நெருங்கும்போது பிறந்தவள் அவள் மகள் யாழினி. குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் சம்மணமிட்டு உட்கார, அவன் மடியில்தான் குழந்தையை வைத்து மொட்டை போட்டுக் காது குத்துவார்கள். வளர்மதிக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன். மடி என்பது உட்கார்ந்தால் மட்டும் உண்டாகி எழுந்தால் மறைந்துபோகும் உறுப்பு என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அறுவைக்கு முன்பு ஒருநாள், விவரம் பேச வரச்சொல்லியிருந்தாள். போனேன். மாப்பிள்ளை நாற்காலியைத் துண்டால் துடைத்து, "உக்காருங்க மச்சான்" என்று போட்டார். "பரவாயில்ல மாப்ள" என்றேன். பாய் விரித்தார். "இருக்கட்டும்" என்றேன். காபியை நிலைக்கதவைப் பிடித்தபடி குடித்தேன். சாப்பிடச் சொன்னார்கள். பந்தியில் நின்று சாப்பிடும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை என்பதால், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்து, அதிலும் நின்றுகொண்டே வந்து சேர்ந்தேன்.

உறவுக்காரர் வீட்டுக்குப் போய் உட்காரவும் இல்லை, கை நனைக்கவும் இல்லை என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். காதுகுத்தை என்னைக் கேட்காமல் மாப்பிள்ளையின் குலசாமி கோயிலில் வைத்ததால் எனக்குக் கோபம் என்று முடிவு செய்துவிட்டார்கள். "மாமன்காரரு உக்காரக்கூட இல்லையாமுல்ல" என்பது கறம்பக்குடி வரை போய்விட்டது. எனக்கு விஷயம் தெரியாது. நான் அறுவை முடிந்து குப்புறப் படுத்திருந்தேன்.

அப்போது வளர்மதி போன் செய்தாள். என் மனைவி செல்வி போனை என் காதருகே தலையணையில் வைத்தாள்.

"அண்ணே, வரப் புடிக்கலைன்னா நேரா சொல்லிடு. கறம்பக்குடியில பெரியப்பா மகன் இருக்காரு. அவருக்கும் மடி இருக்கு."

குரல் உடைந்திருந்தது. இத்தனை வருடம் காத்திருந்து பெற்ற குழந்தையை வேறொருவர் மடியில் வைக்கப்போகிறாள். அதற்கப்புறம் நானும் அவளும் கல்யாண வீடுகளில் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் உறவாகத்தான் இருப்போம்.

"வளரு, அது வந்து... எனக்கு உடம்புல ஒரு பகுதியில..." என்று ஆரம்பித்தேன். நிலப்பத்திரம் எழுதும் மொழியில் இதற்கு மேல் போக முடியவில்லை.

செல்வி போனைப் பிடுங்கினாள். "ஒங்க அண்ணனுக்குப் பவுத்திரம். ஆப்பரேஷன் முடிஞ்சு கவுந்து கெடக்காரு. உக்கார முடியல, அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு போனை மறுபடி என் காதருகே வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. மூச்சு வாங்கி, நின்று, மறுபடி கிளம்பியது. அது அடங்கியதும் வளர்மதி கேட்டாள்.

"ஏண்ணே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"வெக்கமா? பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி என்னைய எத்தனை டாக்டரு பாத்திருப்பாங்கன்னு எனக்கே தெரியாது. வெளியில வந்தா சொந்தபந்தம் பூரா பந்தியில வச்சு என் கர்ப்பப்பையப் பத்தி வெசாரிக்கும். சாம்பார் ஊத்துறவன் வரைக்கும் கருத்து சொல்லுவான். ஒன்னோடது மட்டும் என்ன, அரண்மனை அந்தப்புரமா?"

குப்புறப் படுத்தபடியே தலையை ஆட்டினேன், அது போனில் தெரியாது என்பதை மறந்து.

"நீ வா. மடி இல்லாட்டி என்ன, இடுப்பு இருக்குல்ல?" என்று வைத்துவிட்டாள்.

கோயிலில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் முறை தெரிந்தவர். நான் நின்றபடி குழந்தையை வாங்கியதும், "மாமன் மடின்னா மடிதான். இடுப்புல வச்சுக் குத்துனா அது மொறையாகாது" என்றார்.

வளர்மதி, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "எங்கண்ணனுக்குப் பவுத்திரம் மாமா. ஆப்பரேஷன் பண்ணி நூல் கட்டியிருக்கு. நின்னுக்கிட்டுத்தான் வச்சுக்குவாரு. சாமிக்கு ஆட்சேபணை இருந்தா சாமி சொல்லட்டும்."

சாமி ஒன்றும் சொல்லவில்லை. காது குத்த வந்த ஆசாரி, "எனக்கும் முதுகுவலிதாங்க, நிக்கிறதே சவுரியம்" என்று எழுந்துவிட்டார்.

குழந்தையை இடுப்பில் வைத்தபோதுதான் ஒன்று தெரிந்தது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பு அதற்கென்றே செய்த பலகைபோல் இருக்கிறது. பெண்களுக்கு இது காலங்காலமாகத் தெரியும். எனக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு பவுத்திரம் தேவைப்பட்டது. யாழினி கோயில் அதிர அலறினாள். காதில் வளையம் ஏறியது. மாமன் அவளுக்கு முன்பே ஒன்று போட்டுக்கொண்டு வந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. சமையல் பந்தலின் பின்னால் நான் நின்றிருந்தபோது ஒருவர் வந்து தாழ்ந்த குரலில், எந்த டாக்டர் என்று கேட்டார். அவர் போனதும் இன்னொருவர். கடைசியாக வந்தவர் அந்தச் சித்தப்பா. தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போய், "தம்பி, அந்த நூலு... வலிக்குமா?" என்றார். அவரும் காலையிலிருந்து உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நூல் எடுத்து, அடுத்த சிகிச்சையும் முடிந்து, புண் ஆறிவிட்டது. உள்ளிருந்து வெளியே, ஒரு அவசரமும் இல்லாமல் ஆறியது. மேல்தோல் சீக்கிரம் மூடுவதுதான் ஆபத்து என்றார் டாக்டரம்மா. என் காலண்டர்மேல் புண்ணுக்கு ஒரு மரியாதையும் இல்லை. உடம்பு தன் வேலையைத் தன் நேரத்தில் பார்த்தது. நான் கூட இருந்தேன், அவ்வளவுதான்.

இப்போது உட்காருகிறேன். முன்பெல்லாம் நாற்காலியில் விழுவேன். இப்போது முதலில் வலது எலும்பு முட்டு, பிறகு இடது, பிறகு பாரம். ஒவ்வொரு முறையும் ஓர் ஊருக்குப் போய்ச் சேருவதுபோல் இருக்கிறது.

வளர்மதி தினமும் போன் செய்கிறாள். ஊர் வழக்கப்படி சாப்பிட்டியா என்று கேட்பதில்லை.

"அண்ணே, உக்காந்துட்டியா?"

"இப்பத்தான் எறங்கிக்கிட்டு இருக்கேன்."

"மெதுவா எறங்கு. நான் லைன்லயே இருக்கேன்."