துரையின் கையும் என் முழியும்

துரைக்கும் ஜனங்களுக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற உத்தியோகம் பார்த்தவர்களுக்குக் காலையில் சோறு இறங்காது. உங்களில் யாராவது அந்த வேலையில் வேர்த்திருந்தால் என் கஷ்டம் புரியும். யுத்த காலத்தில், சேலத்தில் நெசவாளர்களுக்கு நூல் அளந்து கொடுக்கிற நூல் கண்ட்ரோல் ஆபீசில் எனக்கு அந்த வேலை.

வால் முளைத்த வார்த்தைகள்

பெரிய இங்கிலீஷ் வார்த்தைக்கெல்லாம் நான் பயந்ததில்லை. என் உயிரை வாங்கியவை பொடி வார்த்தைகள்தான். 'புட்' என்றால் வை. பின்னால் 'ஆஃப்' ஒட்டினால் தள்ளிப்போடு; 'அவுட்' ஒட்டினால் விளக்கை அணை; 'அப் வித்' ஒட்டினால் பொறுத்துக்கொள். இது என்ன அநியாயம், நீங்களே சொல்லுங்கள்! துரை வாயைத் திறந்தாலே நான் திருதிருவென்று முழிப்பேன்.

நான் முழிப்பதைப் பார்த்த ஹெட் கிளார்க், என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “வார்த்தையை விடுப்பா, துரையோட கையைப் பாரு.”

கண்ணாடி

அன்றிலிருந்து கையையே பார்த்தேன். துரையின் விரல் மேசையைத் தட்டினால் மனு பாஸ். கண்ணாடியைக் கழற்றினால் கிடையாது. வார்த்தை புரியாவிட்டாலும் தமிழ் தடங்கலில்லாமல் வந்தது.

ஒருநாள் எடப்பாடிக்காரர் ஒருவரின் மனுவைப் படித்துக்கொண்டே துரை என்னமோ சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார். “கிடையாதாம், போங்க” என்றேன். அந்த மனுஷர் அழுதே விட்டார். துரையோ கண்ணைக் கசக்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, மனுவில் கையெழுத்துப் போட்டார். எடப்பாடிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க, துரை கண்ணுல தூசி உழுந்தா எனக்கு நூல் இல்லீங்களா?”

கையில்லாத கடுதாசி

இளம்பிள்ளை ஊர் நெசவாளி பழனியப்பன் தறியில் ரெண்டு மாசமாக நூல் இல்லை. நூல் கார்டு கேட்டு மனுப் போட்டிருந்தார். “இந்தத் தடவையும் இல்லீன்னா தறிய வித்துப்போட்டு மில்லுக்குக் கூலிக்குப் போறனுங்க” என்று என்னிடம் சொல்லியும் இருந்தார்.

துரை வெளியூர் முகாமிலிருந்து ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டார். மனு 'ஸ்டாண்ட் ஓவர்'. காகிதத்துக்கு ஏது கை? ஹெட் கிளார்க்கும் அன்று லீவு. துரைக்குத் தந்தி அடித்துக் கேட்டால், பாஷை தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். 'ஸ்டாண்ட்' என்றால் நிற்பது, 'ஓவர்' என்றால் முடிந்தது என்று நானே முடிவு கட்டி, “உங்க மனு நின்னு போச்சுங்க” என்றேன். பழனியப்பன் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “சரிங்க, வாரேனுங்க” என்று போய்விட்டார்.

மறுநாள் ஹெட் கிளார்க் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “அட படுபாவி, அப்படின்னா அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சிருக்கார்னு அர்த்தம்ப்பா!”

இளம்பிள்ளைக்கு

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினேன். அது பாதி வழியில் நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். இந்நேரம் தறி யார் வீட்டுக்குப் போயிற்றோ, அந்தக் குடும்பம் என்னை எப்படிச் சபிக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே தள்ளினேன். அவர்கள் சபித்தாலும் தப்பில்லை, தப்புச் செய்தவன் நான்.

பழனியப்பன் வீட்டுக்குள் நுழைந்தால், தறி இருந்த இடத்திலேயே இருந்தது! பழனியப்பன் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “தப்பாச் சொல்லிட்டனுங்க, மன்னிச்சுக்குங்க, அடுத்த மாசம் பார்க்கிறாங்களாம்” என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அப்புறம்தான், ஏன் இன்னும் விற்கவில்லை என்று கேட்கத் தோன்றியது. அவர் சிரிக்காமல் சொன்னார்:

“நீங்க சொல்றத யாருங்க கேட்டா? உங்க மூஞ்சியப் பாத்தனுங்க, உங்களுக்கே ஒண்ணும் வெளங்கலைன்னு தெரிஞ்சுது, அதான் விக்கலைங்க.”

ஆக, என் இங்கிலீஷ் விற்கப் பார்த்த தறியை என் திருட்டு முழிதான் காப்பாற்றியது.