பெரிய மாமனின் கறுப்புக் கிளி

அன்றைக்குக் கோயிலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் சம்சாரம், என் தங்கச்சி, அவள் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, என் தம்பி, காது குத்திய பத்தர், பூசாரி, அப்புறம் மூன்று வயதுப் பாப்பா. மொட்டை அடித்தவர் காசை வாங்கிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டார், அவரைச் சேர்க்க முடியாது. வேன் டிரைவர் வேப்பமரத்தடியில் வண்டிக்குள்ளேயே தூங்கினார். ஆக, பாப்பா யார் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டது என்று கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள் மட்டும்தான். மற்றவர்கள் என்ன சொன்னாலும் அது போட்டோவைப் பார்த்துச் சொல்வது.

பாப்பா என் தங்கச்சி மகள். காது குத்தத் தாய்மாமன் மடி ஒன்று போதும். எங்கள் வீட்டில் தாய்மாமன் இரண்டு பேர். அதுதான் பிரச்சினை.

நான் மூத்தவன். எட்டாவதோடு படிப்பை விட்டுத் தறிக்கு வந்தவன், இன்றைக்கும் பட்டுத்தறிதான். தம்பி சென்னையில் பைக் ஷோரூமில் இருக்கிறான். இடது காதில் ஒற்றைக் கல் கடுக்கன். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு மயில், பச்சையும் நீலமுமாக. அவன் அதைக் குத்திக்கொண்டு வந்த அன்றைக்கே நான் எச்சரித்தேன். ரத்தம் கெட்டுப்போகும், தோல் வெந்துபோகும், போலீஸ் வேலைக்குக்கூட எடுக்க மாட்டார்கள் என்றேன். “நான் எப்போணா போலீசு வேலைக்குப் போறேன்னு சொன்னேன்?” என்றான்.

காது குத்துவதை நான் குறை சொல்லவில்லை. அது சாங்கியம். சின்ன வயதில் எங்கள் இரண்டு பேருக்குமே குத்தினார்கள். எனக்குத் தூர்ந்துபோய் ஒரு பள்ளம்தான் மிச்சம். அவன் அதே ஓட்டையை விடாமல் வைத்திருந்து, கல் போட்டுக்கொண்டு, எங்கே போனாலும் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டான். ஒரே பத்தர், ஒரே ஊசி. இதை நினைத்துக்கொண்டு ராத்திரி படுத்திருந்திருக்கிறேன்.

தங்கச்சி வீடு சேவூரில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பன் பாக்கெட் வாங்கிக்கொண்டு போவேன். வண்டிச் சத்தம் கேட்டதும் பாப்பா வாசலுக்கு ஓடி வரும். வந்து, என்னைத் தாண்டி என் பின்னால் பார்க்கும்.

“அந்த மாமா?”

“அந்த மாமா மெட்ராஸ்ல கண்ணு. இந்த மாமா வந்துகிறேன் பாரு.”

பன்னை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். தம்பி மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவான். வந்தால் அவன் கையை மடியில் போட்டுக்கொண்டு மயில் தோகையில் இருக்கிற கண்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணும். அதற்கு எண்ணத் தெரியாது. ஒன்று, ரெண்டு, அஞ்சு, ஒன்று என்று போகும். தங்கச்சி அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவாள். அவள் ஸ்டேட்டஸை நான் தினமும் பார்ப்பேன். தம்பி வராத நாளிலும் தம்பி இருப்பான். நான் வாங்கிக் கொடுத்த பன் ஒரு தடவை மூலையில் தெரிந்தது.

காது குத்தத் தேதி குறித்ததும் தங்கச்சி போன் பண்ணினாள்.

“ணா, சின்னவன் மடியிலன்னா பாப்பா அழாம உக்காரும்னு தோணுது. நீ ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டியே?”

“நான் இன்னா நெனைக்கப்போறேன்” என்று சொல்லி வைத்தேன். அன்றைக்குத் தறியில் உட்கார்ந்தால் இழை இழையாக அறுந்தது. மூத்தவன் இருக்கும்போது இளையவன் மடியில் உட்கார வைத்தால் ஊர் என்ன பேசும்? பெரியவனுக்கு என்ன குறை என்று கேட்க மாட்டார்களா? நாளைக்கு அது பெரிய மனுஷி ஆனால் சீர் வரிசையில் என்னை எங்கே நிற்க வைப்பார்கள்? யோசனை அங்கேயிருந்து அதன் கல்யாணம் வரைக்கும் போய்விட்டது.

ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்த என் சம்சாரம் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“இன்னாங்க, அந்த மடி இன்னா எம்.எல்.ஏ. சீட்டா? இப்படி ஒடம்ப கெடுத்துக்கிறீங்க.”

அவளுக்கு இரண்டு அண்ணன்கள், இரண்டு பேருக்கும் அவள் மேல் உயிர். அவளுக்கு இது புரியாது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செல்போன் கவர் விற்கிற கடைக்கு மாடியில், டாட்டூ போடுகிறார்கள். மூன்று தடவை படியேறி இரண்டு தடவை இறங்கிவிட்டேன். மூன்றாவது தடவை போடுகிறவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“வாங்கண்ணா. யாருக்கு?”

“எனக்குத்தாங்க. ஊசி புதுசுங்களா?”

“உங்க எதிருலதான் பிரிப்பேன்.”

“மையி?”

“அதுவும்தான். சுகர் இருக்குதாண்ணா?”

இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டதும் இருப்பது போலவே நாக்கு வறண்டது. உடனே இறங்கிப் போய் லேபில் ரத்தம் கொடுத்து, மறுநாள் ரிசல்ட் சீட்டோடு வந்தேன். சீட்டை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

பாப்பாவுக்குக் கிளி என்றால் இஷ்டம். கிளி கேட்டேன். உள்ளங்கை அளவுக்குக் கலரோடு போட்டால் இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார். கறுப்பு மட்டும், கொஞ்சம் சின்னதாக என்றால் ஆயிரத்து இருநூறு. “கலரு அப்புறமா ஏத்திக்கலாண்ணா, கிளி எங்க பறந்தா போவப்போவுது?” என்றார். இடது முன்கையின் உட்பக்கத்தில் குத்திக்கொண்டேன். வலி தாங்க முடிந்தது. அடுத்து என்ன ஆகுமோ என்கிற பயம்தான் தாங்க முடியவில்லை.

வீட்டில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் சம்சாரம்.

“கிளிதானே இது?”

“கிளிதான்.”

“வூட்ல யாராச்சும் செத்துட்டாங்களா? கறுப்பு கட்டிகினு ஒக்காந்துகினு இருக்குது.”

களிம்பு ஒன்று கொடுத்திருந்தார். லேசாக, பூசினதே தெரியாத மாதிரிப் பூசு, துணி போட்டு மூடாதே, காற்றுப் படட்டும் என்று சொல்லியிருந்தார். லேசாகப் பூசினால் சீழ் வைத்துவிட்டால்? நான் பட்டை பட்டையாகப் பூசினேன். தறியில் இருந்தது சந்தனக் கலர் புடவை. குனிந்து அறுந்த இழையைப் பிடித்து முடிபோடும்போது முன்கை நெய்த துணிமேல் படியும். எத்தனை வருஷமாகப் படிகிற கை, அதை யார் கவனிப்பார்கள்? மூன்றாவது நாள் பார்த்தால் புடவை உடம்பில் கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை, அதற்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். பவுடரைக் கொட்டி ஒற்றி எடுத்தோம். எண்ணெய் கொஞ்சம் மங்கியது. தீற்றல் அப்படியே இருந்தது.

நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்கிற முதலாளி புடவையை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார்.

“இன்னாப்பா இது?”

“ஜக்கார்டு பெட்டிலேர்ந்து எண்ணெ சொட்டிடுச்சுங்க.”

தறிக்கு மேலே இருக்கிற அந்தப் பெட்டி அவர் போட்டுக் கொடுத்தது. பழசு. போன வருஷம் ஒரு தடவை நிஜமாகவே சொட்டியிருக்கிறது. அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். டேமேஜ் என்று தள்ளினால் எட்டாயிரம் நஷ்டம் என்று கணக்குச் சொன்னார்.

“பெட்டி என்னுது, கவனிக்காதது உன்னுது. பாதி பாதி. நாலாயிரம் கூலில கொஞ்சம் கொஞ்சமா கழிச்சிக்கிறேன்.”

தப்பித்தோம் என்று வந்தேன். அதிலிருந்து முழுக்கைச் சட்டைதான்.

கோயில் சந்தவாசல் பக்கம், தங்கச்சி வீட்டுக்காரரின் குலதெய்வம். வேனில் போகும்போதெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். தம்பி இப்படிச் சொன்னால் நான் அப்படிச் சொல்வது, தங்கச்சி குறுக்கே வந்தால் அம்மா பேரை எடுப்பது. மொட்டை அடித்துச் சந்தனம் பூசியாயிற்று. மணையைப் போட்டார்கள். தங்கச்சியின் மாமியார்தான் ஆரம்பித்தார்.

“பெரியவன் இருக்கும்போது சின்னவன் மடில ஒக்கார வெக்கிறது எந்த ஊரு பழக்கம்?”

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான்: “அண்ணன்தான் உக்காரணும் அத்தை. அது அழுவுறத என்னால பாக்க முடியாது. நான் போட்டோ எடுக்கிறேன்.”

அவ்வளவுதான். ஒரு வாரமாகத் தூங்காமல் சேர்த்து வைத்த பேச்சுக்கெல்லாம் வேலையே இல்லாமல் போய்விட்டது. நான் ஜெயித்திருக்க வேண்டிய மடி அது. அதைப் பஸ்ஸில் இடம் விடுகிற மாதிரி எழுந்து கொடுத்துவிட்டான். அதிலும் அவனுக்குத்தான் நல்ல பேர். “பாரு, சின்னவனுக்கு எவ்ளோ பெரிய மனசு” என்று மாமியார் பூசாரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

மணையில் உட்கார்ந்தேன். பாப்பா வர மறுத்தது. சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன்.

“இங்க பாரு கண்ணு, மாமா கையில இன்னா இருக்குது?”

உற்றுப் பார்த்தது. “காக்கா.”

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் எனக்கு மரியாதை கொடுத்து வானத்தைப் பார்த்தார். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. “காக்கா இல்லடா செல்லம், கிளி. மூக்க பாரு, வளைஞ்சிகினு இருக்குதில்ல?” என்று எடுத்துச் சொன்னான். அவன் சிரித்திருந்தாலே தேவலை. ஆனால் கிளி என்றதும் பாப்பா மடியில் ஏறிவிட்டது. விரலால் கிளியை ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை தொட்டது. அது என்னைத் தானாகத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

“கெட்டியா புடிச்சிக்கோங்க, தலை ஆடக்கூடாது” என்றார் பத்தர். கிளி வெளியே தெரிகிற மாதிரி இடது கையைத் திருப்பி வைத்து, அதன் நெஞ்சோடு சுற்றிப் பிடித்தேன். வலது கையால் தலை. முதல் காதில் கம்மல் ஏறியது. பாப்பா கத்தவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்தது. நீயா என்கிற மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது காதில் அது போட்ட சத்தத்தில் வேன் டிரைவரே எழுந்துவிட்டாராம். கையை விட்டதும் நழுவி ஓடித் தம்பியின் தோளில் ஏறிக்கொண்டது. சாப்பாடு முடிகிற வரைக்கும் மயிலின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் தங்கச்சி ஸ்டேட்டஸ் போட்டாள். மொட்டைத் தலை, சிவந்த காது, பளபளக்கும் கம்மல், பத்தரின் விரல்கள். பாப்பாவைச் சுற்றி டாட்டூ போட்ட ஒரு கை. என் முகம் இல்லை. கழுத்தோடு வெட்டியிருந்தாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்களாம்: சின்ன மாமன் மடி, கொடுத்து வைத்த பாப்பா. எங்கள் குடும்பத்தில் பச்சை குத்திய கை என்றால் அவன் கைதானே. வலதா இடதா, மயிலா கிளியா என்று யார் பார்க்கிறார்கள்?

போன் பண்ணினேன். “என் மூஞ்சி எங்கம்மா?”

“நீ கண்ண மூடிகினு இருந்தணா, நல்லா இல்ல. அதான் வெட்டிட்டேன்.”

“பெரிய மாமா மடின்னு கீழ ஒரு வார்த்தை எழுது.”

“நாளைக்கு சாயந்தரம் தானா போயிடும்ணா. விடு.”

ஸ்டேட்டஸ் போய்விடும். பார்த்தவர்கள் போய்விடுவார்களா?

நாலு நாள் கழித்து, பட்டும் ஜரிகையும் வாங்க முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர் என் தங்கச்சி வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம். நூலை எடை போட்டுக்கொண்டே கேட்டார்.

“காது குத்து நல்லபடியா முடிஞ்சுதாமே. எங்க வூட்ல போட்டோ காட்னாங்க. தம்பி மடிலயா உக்கார வெச்சீங்க? கையி தெரிஞ்சுது.”

“இல்லிங்க. என் மடி.”

“டாட்டூ இருந்துதேப்பா.”

“போட்டோ எடுத்தவனே தம்பிதாங்க. அவன் எப்படி மடியில இருப்பான்?”

“சரி, சரி. யாரு மடியா இருந்தா இன்னா” என்று சிரித்தார். அவர் நம்பவில்லை. தம்பி மேல் பொறாமையில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். பொறாமைதான், அதற்காக மடி பொய்யாகிவிடுமா? முழுக்கைச் சட்டையை எதற்காகப் போட்டுக்கொண்டு வந்தேன் என்பது மறந்தே போய்விட்டது. பொத்தானைக் கழற்றி முழங்கை வரைக்கும் சுருட்டி அவர் முன்னால் நீட்டினேன்.

“பாருங்க. இந்தக் கைதானே போட்டோல?”

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். தோல் இன்னும் அங்கங்கே உரிந்து, காலையில் பூசின களிம்பில் மினுக்கிக்கொண்டிருந்தது. கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பினார். அப்புறம் ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, அந்த விரலைத் தன் வேட்டி ஓரத்தில் துடைத்தார். வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஆமாம்ப்பா, உன் மடிதான்” என்றார். “எண்ணெயும் உன்னுதுதான்.”

சட்டைக் கையை நான் இறக்கவில்லை. அவர் சம்சாரத்தைக் கூப்பிட்டு, “அந்தக் கையி தம்பி இல்லியாம், இவருதாம்” என்று சொன்னார். அந்தம்மாவும் வந்து பார்த்தார்கள். ஆக, போட்டோவைப் பார்த்தவர்களில் இரண்டு பேருக்காவது உண்மை தெரியும்.

பாப்பா இப்போதும் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடி வருகிறது. முதலில் என் பின்னால் பார்க்கிறது. பிறகு என்னைப் பார்த்து இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறது. தம்பி போன மாசம் மயிலுக்கு மேலே, தோள் வரைக்கும் மரம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். என் கிளிக்குப் பச்சை ஏற்ற ஆயிரத்து முந்நூறு ஆகும், இப்போதைக்கு முடியாது. எட்டாயிரமும் என் தலையில்தான் என்று முதலாளி எழுதிக்கொண்டுவிட்டார். புடவைக்கு ஐந்நூறு கழிக்கிறார். நாலு புடவை கொடுத்தாயிற்று. இன்னும் ஆறாயிரம் பாக்கி.